ஸ்டார்ட் ஆகுது, ஆனா கூப்பிட ஆள் இல்ல: திருவண்ணாமலையில் பழைய டிராக்டர்களுக்கு மவுசு குறைந்தது ஏன்?

“ரொட்டவேட்டர் மாட்டியிருக்கா?”

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் உழவுக்கு வண்டி கூப்பிடுகிறவர்கள் போனில் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். வண்டி என்ன கம்பெனி, வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு என்பதெல்லாம் அப்புறம். கொத்துக் கலப்பை மட்டும்தான் இருக்கு என்றால், “சரிங்கண்ணா, பார்த்துட்டுச் சொல்றேன்” என்று போனை வைத்துவிடுவார்கள். அந்தப் போன் திரும்ப வராது.

இருபது, இருபத்தைந்து வருடம் ஒரு குடும்பத்துக்கே சோறு போட்ட டிராக்டர்கள் இப்படித்தான் கொட்டகைக்குப் போய்ச் சேருகின்றன. இவற்றில் பல இன்றைக்கும் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். மழையில் நின்றாலும், மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தாலும், பேட்டரியை மாற்றினால் உயிர் வந்துவிடும். அப்படியிருந்தும் வேலை வருவதில்லை. விற்கப் போனால் நினைத்த விலையும் கிடைப்பதில்லை.

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து வரும் போன்களில் இப்போது இதுவும் ஒரு பேச்சு: “வண்டிய எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு புதுசு எடுத்துடலாமாப்பா?” பதில் சொல்லும் முன், பழைய வண்டி எங்கே தோற்றது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது.

மெட்ராஸ் வண்டிகளின் காலம்

வட தமிழ்நாட்டில் டிராக்டர் என்றால் நீண்ட காலம் ஒரே முகம்தான். முன்னால் சிவப்பு பானெட், மூன்று சிலிண்டர் என்ஜின், ‘மேஸி’ என்று செல்லப் பெயர். 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மேஸி பெர்குசன் தொழில்நுட்பத்தில் செய்த வண்டி அது. மேஸி 1035 மாடலின் திறன் 36 குதிரைத்திறன். கியர் முன்னோக்கி ஆறு, பின்னோக்கி இரண்டு. அவ்வளவுதான்.

அதோடு மஹிந்திரா பி-275, எஸ்கார்ட்ஸ் தயாரித்த ஃபோர்டு 3600, செக் நாட்டு ஜெட்டார் தொழில்நுட்பத்தில் ஹரியானாவின் பிஞ்சோரில் தயாரான எச்.எம்.டி. ஆகியவையும் கிராமங்களுக்கு வந்தன. எச்.எம்.டி.யின் கதை பழைய வண்டி வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1971-ல் தொடங்கிய அந்த அரசு நிறுவனத்தின் டிராக்டர் பிரிவை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கம்பெனியே இல்லாத வண்டிக்கு ஸ்பேர் தேடுவது எப்படி இருக்கும் என்று வைத்திருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

மேஸிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கம்பெனி சென்னையில் இருக்கிறது. பழைய மாடல்களின் ஸ்பேர் சின்ன டவுனில்கூடக் கிடைக்கும். அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனத்துடன் நடந்த நீண்ட வழக்குகள் 2025-ல் சமரசத்தில் முடிந்து, இந்தியா, நேபாளம், பூடானில் மேஸி பெர்குசன் என்ற பெயரே இப்போது டாஃபேக்குச் சொந்தம். ஆகவே, ‘பழசு என்றால் ரிப்பேர் செய்ய முடியாது’ என்ற காரணம் இங்கே பொருந்தாது. ஒரு ஸ்பேனர் செட்டும் நல்ல மெக்கானிக்கும் இருந்தால், இந்த என்ஜினைப் புளியமரத்தடியிலேயே பிரித்துச் சேர்த்துவிடலாம்.

அப்படியென்றால் தோற்கடித்தது எது?

சுருக்கமாகச் சொன்னால், ரொட்டவேட்டர். சுழல் கலப்பை என்று அரசு விளம்பரங்களில் வரும் அதே கருவி.

கொத்துக் கலப்பையை டிராக்டர் வெறுமனே இழுக்கும். ஐந்து கொத்தோ ஒன்பது கொத்தோ, மண்ணைக் கீறிக்கொண்டே பின்னால் வரும். நல்ல புழுதி வேண்டுமென்றால் குறுக்கும் நெடுக்குமாக மூன்று, நான்கு சால் ஓட்ட வேண்டும். ரொட்டவேட்டர் வேறு வகை. டிராக்டரின் பின்பக்கம் சுழலும் பி.டி.ஓ. என்ற தண்டிலிருந்து, நிமிடத்துக்கு 540 சுற்று என்ற கணக்கில் அதற்குச் சக்தி போகிறது. உள்ளே இருக்கும் கத்திகள் மண்ணை வெட்டி, கிளறி, பொடித்துவிடும். பல இடங்களில் ஒரே சால் போதும். கட்டி மண் என்றால் இரண்டு.

இந்த மாவட்டத்துக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம்? தண்ணீர் இருக்கிற இடத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் மூன்று பட்டம் போகிறது. ஓர் அறுவடை முடிந்து அடுத்த நடவுக்கு இடையில் கிடைக்கும் நாள் குறைவு. ஏரியில் தண்ணீர் இருக்கும்போதே சேறடித்து நட வேண்டும். முன்பு கையால் அறுத்தபோது தாள் அடியோடு போய்விடும். இப்போது ஆள் கிடைப்பதில்லை. செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையிலேயே கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் போய்விடுகின்றன. நெல்லை மெஷின்தான் அறுக்கிறது. மெஷின் அறுத்த வயலில் தாள் நீளமாக நிற்கும். அதில் கொத்துக் கலப்பையை விட்டால் வைக்கோல் கொத்துகளில் சுற்றிச் சுற்றி அடைத்துக்கொள்ளும். பத்தடிக்கு ஒரு தரம் இறங்கிப் பிடுங்க வேண்டும். ரொட்டவேட்டர் அந்தத் தாளையும் வெட்டி மண்ணோடு கலந்துவிடும்.

ஆக, அறுவடை மெஷின் வந்தது. அதன் பின்னாலேயே ரொட்டவேட்டரும் வந்தாக வேண்டியிருந்தது. அதை இழுக்கத் தோதான வண்டிதான் இப்போது ‘நல்ல வண்டி’.

சரி, பழைய வண்டியிலும் பி.டி.ஓ. இருக்கிறதே, அதில் மாட்டினால் என்ன? மாட்டலாம். சிக்கல் கிளட்சில் ஆரம்பிக்கிறது. பழைய மாடல்கள் பலவற்றில் ஒற்றை கிளட்ச். கியர் மாற்ற மிதித்தால் சக்கரத்தோடு சேர்ந்து பி.டி.ஓ.வும் நின்றுவிடும். சேற்றில் கத்தி நின்ற இடத்தில் மண் அப்பிக்கொள்ளும். திரும்பச் சுற்ற வைக்க என்ஜின் திணறும். இரட்டை கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், கத்தி சுற்றிக்கொண்டே இருக்கும். கேட்கச் சின்ன விஷயம்போல இருக்கும். நாள் முழுக்க வயலில் திருப்பித் திருப்பி ஓட்டுகிறவருக்கு அதுதான் எல்லாம்.

அடுத்தது வேகம். ரொட்டவேட்டர் ஓட வேண்டுமென்றால் என்ஜின் நல்ல சுற்றில் இருக்க வேண்டும். ஆனால் வண்டி மெதுவாக நகர வேண்டும். ஆறு கியர் மட்டும் உள்ள வண்டியில் இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது கஷ்டம். எட்டு, பன்னிரண்டு கியர் என்று வரும் புதிய வண்டிகளில் தேவையான வேகத்தைத் தேர்வு செய்துகொள்ளலாம். பிரேக்கும் அப்படித்தான். பழைய உலர் பிரேக்கில் சேற்றுத் தண்ணீர் இறங்கினால் பிடிமானம் போய்விடும். இப்போது வருபவற்றில் பிரேக் தட்டுகள் மூடிய அறைக்குள் எண்ணெயில் மூழ்கியே இருக்கின்றன.

திறனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐந்து, ஆறு அடி ரொட்டவேட்டரைச் சேற்றில் தயங்காமல் ஓட்ட 40-லிருந்து 50 குதிரைத்திறன் தேவை. இந்தியாவில் அதிகம் விற்கும் டிராக்டர்கள் 41 முதல் 50 குதிரைத்திறன் பிரிவில் இருப்பது தற்செயல் இல்லை.

டிரைவர் சொல்வதுதான் சட்டம்

யாரும் கணக்கில் எடுக்காத இன்னொரு காரணம், ஓட்டுகிற ஆள். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியைச் சேற்றில் எட்டு மணி நேரம் திருப்பினால் தோள் கழன்றுவிடும். கிளட்ச் பெடல் கல்லாக இருக்கும். கியர் லீவர் இரண்டு காலுக்கும் நடுவில். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் டிரைவராக வர வேண்டுமென்றால், பக்கத்து ஊரில் பவர் ஸ்டியரிங், பக்கவாட்டு கியர் உள்ள வண்டி அவனுக்குக் காத்திருக்கிறது. “பழைய வண்டின்னா நான் வரலண்ணா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். சொந்தமாக ஓட்டிக்கொள்ளும் முதலாளிக்கும் வயசாகிக்கொண்டிருக்கிறது.

புதுசு எடுத்தால் கட்டுப்படியாகுமா?

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. சொந்த நிலத்துக்காக மட்டும் யாரும் டிராக்டர் வாங்க முடியாது. இங்கே டிராக்டர் என்பது மணி வாடகைத் தொழில்.

40 முதல் 50 குதிரைத்திறன் வண்டி ஒன்றின் விலை சுமார் 7 முதல் 9 லட்சம் ரூபாய். ரொட்டவேட்டர், டிரெய்லர் தனி. ஒரு கணக்குக்கு, 6 லட்சம் ரூபாய் கடன், 12 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 13,350 ரூபாய், வருடத்துக்கு 1.60 லட்சம். டிராக்டர் கடனில் பெரும்பாலும் அறுவடையை ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை டியூ வரும் என்றாலும், மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. டீசல், டிரைவர் கூலி போக மணிக்கு 500 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், டியூவுக்கு மட்டுமே வருடம் 320 மணி நேரம் ஓட வேண்டும். நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 40 நாள்.

நாற்பது நாள்தானே என்று தோன்றும். ஆனால் ஊரில் எல்லோருக்கும் உழவு வருவது அதே பத்து, பதினைந்து நாளில்தான். ஊருக்கு மூன்று வண்டி இருந்தபோது அந்த நாட்களில் தூங்க நேரம் கிடைக்காது. அதே ஊரில் பத்துப் பேர் புதுசு எடுத்துவிட்டால், பட்டத்துக்குப் பட்டம் மணிக்கணக்கு பத்தாகப் பிரிந்துவிடும். டியூ மட்டும் பிரியாது. பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டி எடுத்ததைப் பார்த்து ஷோரூமுக்குப் போகிறவர்கள் போட மறக்கும் கணக்கு இது.

போட்டிக்கு அரசும் இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை, உழவன் செயலி வழியாகவும் இ-வாடகை திட்டத்திலும் டிராக்டர்களைக் கருவிகளோடு மணி வாடகைக்கு விடுகிறது. வாடகை குறைவு, சீசனில் முன்பதிவு வரிசை நீளம். டியூ கட்டுகிற தனியார் வண்டிக்காரர் அந்த விலையோடு மோத முடியாது. வரிசை நீளமாக இருப்பதுதான் அவருக்கு வாழ்வு.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 45 குதிரைத்திறன் வண்டிக்குச் சுமார் 45,000 ரூபாய் குறையும் என்று மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் அப்போது கூறினார். புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் கூடவே இறங்கும் என்பது சந்தையின் வழக்கம். ஒரே ஆறுதல், டிராக்டர் டயர், உதிரி பாகங்கள் மீதான வரியும் 18-லிருந்து 5 சதவீதமானது. பழைய வண்டியை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தவருக்கு டயர் செலவில் மிச்சம்.

இதில் உண்மையில் அடிபடுவது யார் என்று பார்த்தால், வண்டி முதலாளியைவிட டிரைவர்தான் என்று தோன்றுகிறது. நான்கைந்து வருடம் கூலிக்கு ஓட்டி, கொஞ்சம் சேர்த்து, செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய மேஸியை வாங்கிச் சொந்த வண்டிக்காரராவது இந்தப் பக்கத்தில் பலர் ஏறி வந்த படி. கடன் இல்லாமல் ஏற முடிந்த படி. பழைய வண்டி இப்போதும் மலிவாகக் கிடைக்கிறது. அதை வைத்துச் சம்பாதிக்கத்தான் வழி குறைந்துவிட்டது. அடுத்த படி நேராக லட்சக்கணக்கில் கடன்.

அமெரிக்காவில் கதை தலைகீழ்

அங்கே 1970-கள், 80-களில் வந்த ஜான் டீர் வண்டிகளை ஏலத்தில் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். காரணம் ஏக்கம் மட்டும் இல்லை. புதிய வண்டிகளில் எல்லாம் சென்சார், கம்ப்யூட்டர். ஒரு பிழை காட்டினால் கம்பெனி மென்பொருள் இல்லாமல் சரிசெய்ய முடியாது; அறுவடை நேரத்தில் டீலரின் ஆள் வரும் வரை வண்டி நிற்கும். ‘ரிப்பேர் செய்யும் உரிமை’ கேட்டு விவசாயிகள் போராடி, 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரியில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையமே ஜான் டீர் மீது வழக்குப் போட்டது.

அங்கே பழசுக்கு மதிப்பைக் கொடுத்தது புதுசில் போட்ட பூட்டு. இங்கே அந்தப் பூட்டு இன்னும் விழவில்லை. 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான் ட்ரெம்-4 என்ற புதிய புகை விதி வந்தது. அதற்காகத்தான் அந்த வண்டிகளில் சி.ஆர்.டி.ஐ. என்ஜின், மின்னணுக் கட்டுப்பாடு எல்லாம். அதற்குக் கீழே, திருவண்ணாமலை விவசாயி வாங்கும் அளவில், புது வண்டியிலும் பெரும்பாலும் பழைய மாதிரி மெக்கானிக்கல் டீசல் பம்புதான். அதே மெக்கானிக், அதே ஸ்பேனர். ‘என்னை நீயே ரிப்பேர் செய்யலாம்’ என்று பழைய வண்டி மார்தட்ட முடியாது. பக்கத்தில் நிற்கும் புது வண்டியும் அதையே சொல்கிறது. கூடவே பவர் ஸ்டியரிங்கும் தருகிறது.

இது எவ்வளவு காலம் என்பது வேறு கேள்வி. அடுத்த கட்டப் புகை விதி சிறிய டிராக்டர்களையும் தொடும். முதலில் 2024 ஏப்ரல் என்று அறிவித்து, பிறகு 2026 ஏப்ரலுக்குத் தள்ளினார்கள். ட்ரெம்-4-கூட 2020 அக்டோபரில் வர வேண்டியது, தள்ளித் தள்ளி 2023-ல்தான் வந்தது. 45 குதிரைத்திறன் வண்டிக்கும் சென்சார் வந்து, மெக்கானிக் லேப்டாப் தேடும் நாளில் பழைய மேஸியின் விலை என்னவாகும் என்று இப்போதே சொல்ல முடியாது.

15 வருஷம் ஆனால் பறிமுதலா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் பயம் இது. பத்து வருடம் ஆன டிராக்டர்களை ஒழித்துவிடுவார்கள் என்றும் ஒரு பதிவு சுற்றியது. அப்படி ஒரு விதி இல்லை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விளக்கம் கொடுத்துவிட்டது. விவசாய டிராக்டர் போக்குவரத்து அல்லாத வாகனம் என்ற வகையில் வருகிறது. பதிவு 15 வருடம் செல்லும். பிறகு படிவம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

நிஜமான ஆபத்து வேறு. பழைய டிராக்டர்கள் பலவற்றில் ஆர்.சி. புக் இன்னும் இரண்டு, மூன்று கை முந்தைய முதலாளி பெயரில் இருக்கும். காசு கொடுத்து, கை குலுக்கி, வண்டியை ஓட்டி வந்திருப்பார்கள். படிவம் 29, 30 ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போயிருக்காது. இன்ஷூரன்ஸ் எப்போதோ முடிந்திருக்கும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டி ரோட்டில் யார் மீதாவது மோதினால் இழப்பீட்டுக்குச் சொந்தப் பணம்தான் போக வேண்டும். பதிவில் பெயர் இருப்பவரும் கோர்ட் ஏற வேண்டிவரும். அப்பாவின் வண்டியை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று யோசிக்கும் முன், இந்த வார இறுதியில் ஊருக்குப் போகிறவர்கள் ஆர்.சி.யை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடலாம்.

வைத்திருந்தால் என்ன செய்யலாம்?

உங்கள் மாடலில் இரட்டை கிளட்ச் இருந்து, திறனும் 40-ஐத் தாண்டினால், கதை முடியவில்லை. சிறிய அளவு ரொட்டவேட்டர் மாட்டலாம். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குக் கருவிகளுக்கு 50 சதவீதம் வரை மானியமும் உண்டு. விண்ணப்பிக்க வேண்டியது வேளாண்மைப் பொறியியல் துறையிடம்.

36 குதிரைத்திறன், ஒற்றை கிளட்ச் என்றால் நெல் வயலை மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் இந்த மாவட்டம் நெல் மட்டும் இல்லையே. செங்கம், போளூர், தண்டராம்பட்டு பக்கம் மானாவாரிச் செம்மண்ணில் மல்லாட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோடை மழைக்குப் பிறகு புழுதி உழவு ஓட்ட ஒன்பது கொத்துக் கலப்பை போதும். சொல்லப்போனால், வருடக்கணக்கில் ரொட்டவேட்டர் மட்டுமே ஓட்டிய நிலத்தில் மேல் நாலைந்து அங்குலம் மாவாக இருக்கும். அதற்குக் கீழே மண் இறுகித் தட்டாகிவிடும். வேர் இறங்காது, மழைத் தண்ணீரும் இறங்காது. அதை உடைக்க இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் ஓட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். உளிக்கலப்பைக்குப் பி.டி.ஓ. வேண்டாம், இரட்டை கிளட்ச் வேண்டாம். இழுக்கிற பலம் மட்டும் போதும்.

மற்ற பழைய வண்டிகள் தண்ணீர் டேங்கர் இழுக்கின்றன, சூளையில் செங்கல் ஏற்றுகின்றன, எரு அடிக்கின்றன. டேங்கருக்கு வேகமும் வேண்டாம், பன்னிரண்டு கியரும் வேண்டாம். கார்த்திகை தீபத்தையொட்டி இதே ஊரில் கூடும் மாட்டுச் சந்தைக்கு உழவு மாடுகளை ஓட்டிவந்தவர்கள் ஒரு காலத்தில் இந்த மேஸியைப் பார்த்துத்தான் வயிற்றெரிச்சல் பட்டார்கள். மாடு இப்போதும் சந்தைக்கு வருகிறது, உழவுக்கு இல்லை. டிராக்டர் வாடகைக்காரர்களில் பாதிப் பேர் வீட்டில் பழைய வண்டி ஒன்று டேங்கரோடு நிற்கிறது. புது வண்டி டியூ கட்டுகிற மாதங்களில் வீட்டுச் செலவை அதுதான் பார்த்துக்கொள்கிறது.